காலி மாடி

காலை ஒன்பதே முக்காலுக்கு நகராட்சிச் சங்கு ஊதியது. வர்ஷா அடுப்படிச் சன்னலில் தொடங்கி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தாள். பத்து மணிக்கு இரண்டாவது சங்கு. அதன்பிறகு மாலை ஆறு வரை வேலூரில் யாரும் வெளியே நடமாடுவதில்லை. அடைப்பு நேரம் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடங்கள் விடியலில் நடந்தன. கடைகள் பொழுது சாய்ந்தபின் திறந்தன. சித்திரை மத்தியானத்தில் துணிந்து வெளியே போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பியதில்லை.

அனல்மின் நிலையங்களை மூடிப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. மின்சாரம் இருந்தது. ஆனால் குளிர்ச்சியைக் கசியவிடாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்த வீடுகளுக்குத்தான் அது தாராளமாகக் கிடைத்தது. ஒன்றாம் தர வீட்டுக்கு அடைப்பு நேரம் முழுவதும் குளிர்ச்சி. நான்காம் தரத்துக்கு இரண்டு மணி நேரம். மிச்சப் பொழுதுக்குத் தெருமுனைக் குளிர்மண்டபத்தில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வர்ஷாவின் வீடு நான்காம் தரம். மாமனார் காலத்துச் செங்கல் கட்டடம். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்கும்.

போன வருடம் அந்த மண்டபத்துக்கு வெளியே வரிசையில் நின்றபோதுதான் அவள் மகள் பொன்னி மயங்கி விழுந்தாள். பதினாறு வயது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதற்குப்பிறகு பேச்சு திக்கியது, இடக்கை விரல்கள் மடங்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆனா உடம்பு தாங்காதும்மா" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அதனால் வீட்டை வெயில் தாங்கும்படி மீளமைக்க நகராட்சி ஆணை வந்தபோது வர்ஷா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

அளவெடுக்க வந்த தணிக்கையாளர் இளம்பரிதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுவர்களைத் தட்டிப் பார்த்தார், சன்னல் இடுக்குகளில் புகை விட்டுப் பார்த்தார். பிறகு மாடிப்படியடியில் நின்று மேலே கை காட்டினார்.

"மேல யாராச்சும் இருக்காங்களா?"

மேலே இருந்தது தன்யஸ்ரீ. வர்ஷாவின் கணவன் ரித்தீஷுடைய அண்ணி. ஒன்பது வயதில் தாயை இழந்த ரித்தீஷை வளர்த்து ஆளாக்கியவள். அண்ணன் காலமானபிறகும் மாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாதம் அவள் ஊரில் இல்லை. படுக்கையில் கிடந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆம்பூர் போயிருந்தாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் வர்ஷா.

"ஒரு கதவு எண்ணுக்கு, சூடு உள்ள வராம தடுக்கற தக்கைப் பலகை நூத்திருபதுதான் மேடம். கீழ்வீட்டுக்கே அது சரியாப் போயிரும். மாடில ஆள் இருந்தா ரெண்டுக்கும் பங்கு போட்டு ஒட்டணும், மூணாம் தரத்தத் தாண்டாது. காலின்னா மாடிய அடைச்சிருவோம். உள்ள இருக்கற காத்தே உங்களுக்குப் போர்வ மாதிரி. கண்ண மூடிக்கிட்டு ஒண்ணாம் தரம்."

"அண்ணி வந்து..." என்று ரித்தீஷ் தொடங்கினான்.

"காலிதாங்க" என்றாள் வர்ஷா.

தணிக்கையாளர் போனபிறகு ரித்தீஷ் அடுப்படி வாசலில் வந்து நின்றான். "அண்ணி வந்தா இன்னா சொல்றது?"

"ஆம்பூர்லயே தங்கிட்டாலும் தங்கிடுவாங்க."

"நீதான் சொன்ன. நான் சொல்லல."

"சொல்லியிருக்கலாமே. வாயக் கட்டியா போட்டிருந்தாங்க?"

நான்கு நாளில் வேலை முடிந்தது. சுவருக்கு உள்பக்கம் தக்கைப் பலகை, கூரைக்கு அடியில் இரட்டை அடுக்கு, சன்னலுக்கு மூன்று கண்ணாடி. கொல்லையில் ஆழமாகக் குழாய் இறக்கி, மண்ணின் குளிர்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மாடிப்படி இருந்த இடம் வெறும் வெள்ளைச் சுவராகிவிட்டது. மாடிக்குப் போன மின்கம்பியையும் வெட்டினார்கள். முதல் நாள் பகலில் பொன்னி போர்த்திக்கொண்டு தூங்கினாள். வர்ஷா பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் தன்யஸ்ரீ வந்தாள். தங்கை இறந்துவிட்டாள். மறுநாளே தங்கையின் பிள்ளைகள் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். கையில் ஒரு பையோடு நின்று அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

"படி எங்கடா ரித்தீஷ்?"

அவன் தரையைப் பார்த்தான். வர்ஷாதான் எல்லாவற்றையும் சொன்னாள். தன்யஸ்ரீ கேட்டுவிட்டுப் பொன்னி படுத்திருந்த பக்கம் திரும்பினாள். "கொழந்த நல்லா தூங்குது" என்றாள். திட்டியிருந்தால் வர்ஷாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டின் காற்றுமாற்றி மூச்சை வைத்தே ஆட்களை எண்ணும். மூன்று பேருக்குப் பதிவான வீட்டில் நாலாவது ஆள் விருந்தாளியாகப் பதினைந்து நாள் இருக்கலாம். பதினாறாம் நாள் எச்சரிக்கை வந்தது. மறு எச்சரிக்கைக்குப் பிறகு தரம் இறங்கும். உண்மையைச் சொன்னால் பொய்த் தகவலுக்காகப் பலகைகளை உரித்துக்கொண்டு போய்விடுவார்கள். குளிர்மண்டபத்திலும் தன்யஸ்ரீயைச் சேர்க்கவில்லை. அவளுடைய கதவு எண் ஒன்றாம் தரம், அதற்கு மண்டபத்தில் இடமில்லை; அந்த வீட்டுப் பதிவிலும் அவள் பெயர் இல்லை.

"நான் மேலயே போறேன்" என்றாள் தன்யஸ்ரீ. "பின்னாடி இரும்பு ஏணி இருக்குல்ல, அந்தப் பக்கக் கதவ அடைக்கலல்ல. அறுபது வருஷமா வெயில்லதான் இருக்கேன்."

"வேணாம் அண்ணி" என்றான் ரித்தீஷ். சொல்லிக்கொண்டே அவள் பையை ஏணிவரைக்கும் தூக்கிக்கொண்டு போனான்.

தினமும் முதல் சங்குக்கு முன்னால் வர்ஷா தூக்குவாளியில் சோறும் மோரும் வைத்து ஏணிக் கொக்கியில் மாட்டுவாள். தன்யஸ்ரீ இறங்கி வந்து எடுத்துக்கொள்வாள். சாயங்காலம் கொல்லைக் கல்லில் உட்கார்ந்து ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "கீழ எப்டி இருக்கு?" என்று கேட்பாள். "பரவால்லக்கா" என்பாள் வர்ஷா.

ஒன்பதாம் நாள் நண்பகல். பொன்னி படம் வரைந்துகொண்டிருந்தாள், ரித்தீஷ் தூங்கிக்கொண்டிருந்தான். வர்ஷா தற்செயலாகப் பின்சன்னல் வழியே பார்த்தாள். தூக்குவாளி கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கதவருகே போய்ப் பிடியில் கை வைத்தாள். அடைப்பு நேரத்தில் கதவைத் திறந்தால் பதிவாகும். பருவத்துக்கு ஐந்து முறை அனுமதி. நான்கு தீர்ந்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றைப் பொன்னிக்கு ஏதாவது ஆனால் மருத்துவமனைக்கு ஓடுவதற்காக வைத்திருந்தாள். ஆறாவது முறை திறந்தால் அந்த நிமிடமே குளிர்ச்சி நின்றுவிடும்.

ஒருவேளை அக்காவுக்குப் பசியில்லையோ என்று நினைத்தாள். மோர் புளித்துவிட்டதோ என்று நினைத்தாள். கைப்பிடி குளிர்ச்சியாக இருந்தது. கையை எடுத்தாள். ரித்தீஷை எழுப்பவில்லை.

ஆறு மணிச் சங்கு ஊதியதும் அவள்தான் முதலில் ஏணியில் ஏறினாள். கம்பி உள்ளங்கையைச் சுட்டது.

தன்யஸ்ரீ அறை நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. விழுந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. கையில் பூண்டு தட்டும் குழவிக்கல். அவளுக்குப் பக்கத்தில் தரை ஓடு நொறுங்கிப் பொடியாகியிருந்தது. ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டு தெரிந்தது. எத்தனை மணி நேரம் தட்டினாளோ. அதற்கு நேர் கீழேதான் கூடம். பொன்னி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த இடம். தக்கைப் பலகை ஒரு சத்தத்தையும் கீழே விடவில்லை.

பின்னால் ஏறி வந்த ரித்தீஷ் தன்யஸ்ரீயின் காலடியில் உட்கார்ந்து "அம்மா" என்றான். அவளை அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் விடியலில் சாவைப் பதிய இளம்பரிதியே வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார். மடித்து வைத்த புடவைகளையும், சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்தையும், உடைந்த தரையையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று வர்ஷாவுக்குத் தெரிந்தது.

"காலி இடம்னுதானே எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமாங்க."

"இவங்க உங்களுக்கு என்ன ஆகணும்?" பதிவுப் பலகைமேல் அவர் விரல் நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்க மேடம். சொந்தம்னா நான் ஒரு மாதிரி எழுதணும். இல்லன்னா வேற மாதிரி."

கீழே பொன்னி ஏதோ கேட்டு அழைப்பது திறந்த சன்னல் வழியே கேட்டது.

"சொந்தம் இல்லீங்க" என்றாள் வர்ஷா. "முன்னாடி குடியிருந்தவங்க. எப்ப வந்து ஏறினாங்கன்னே தெரியல."

அவர் எழுதிக்கொண்டார். வீட்டின் தரத்தில் மாற்றமில்லை என்றும் எழுதினார்.

நகராட்சி வண்டி வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் உடம்பைத் துணியில் சுற்றி ஏணி வழியே கயிறு கட்டி இறக்கினார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். முப்பது வருடமாகத் தன்யஸ்ரீயைத் தெரிந்தவர்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் பலகை இருந்தது.

வண்டிக்காரர் கதவைச் சாத்துவதற்கு முன் திரும்பிக் கேட்டார். "கொள்ளி போட யாராச்சும் வரீங்களா? இல்ல, அநாதைன்னு எரிச்சிரலாமா?"

ரித்தீஷ் ஓர் அடி எடுத்து வைத்தான். வர்ஷா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிக்கூடப் பிடிக்கவில்லை, வெறுமனே தொட்டாற்போலத்தான்.

அவன் நின்றுவிட்டான்.