கொட்டாவிக்கு ஓர் ஆபரேஷன்

நூல்கண்டு என்கிற சிறுமி செய்கிற பொம்மை மிருகங்களை எந்தக் காட்டிலும் பார்க்க முடியாது. முயல் காது வைத்த ஆமை, மீசை முளைத்த வாத்து, ஐந்து கால் பூனை.

"அஞ்சாவது கால் எதுக்குடி?" என்று அம்மா கேட்டால், "ஒரு கால் வலிச்சா மாத்திக்கத்தான்" என்பாள்.

அவளுக்கு வயது பத்து. சட்டையில் எப்போதும் நாலு நூலாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பட்டப்பெயர் அது.

அம்மா முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். மேசைக்கடியில் விழும் வெட்டுத் துணியெல்லாம் நூல்கண்டுக்குத்தான். பொம்மையைத் தைத்து, வயிற்றில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் துணியைத் திணித்து மூடிவிடுவாள்.

அன்று சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு அம்மா கடையையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வலது கை இருக்கு, காலர் இருக்கு. இடது கையைக் காணோமே!"

அது ஒரு நீலக் கோட்டின் கை. ரயில் ஓட்டும் வேலையில் புதிதாகச் சேர்ந்த ஓர் அக்கா நாலு மணிக்கு வந்து, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இன்றுதான் முதல் நாள். அலுவலகத்தில் அளந்து கொடுத்த துணி வேறு. மிச்சம் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

நூல்கண்டின் ஊசி பாதித் தையலில் நின்றது. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"அம்மா... நேத்து ஒரு நீலத் துணி கீழே கிடந்துச்சு. வெட்டுத் துணின்னு நெனச்சு கொட்டாவிக்குள்ள திணிச்சிட்டேன்."

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அடிப்பாவி! கொட்டாவி எங்கே?"

"பக்கத்து வீட்டுப் பொடிசுகிட்ட குடுத்துட்டேன்."

கொட்டாவி ஒரு யானை. வாத்துக் காலும், தைக்கும்போது அளவு தப்பிப்போன பெரிய வாயும் கொண்ட யானை. பொடிசுக்கு நாலு வயது. நேற்று மாலையிலிருந்து அவள் கொட்டாவியைக் கீழே வைக்கவே இல்லை. குளிக்கும்போதுகூட வாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாளாம்.

நூல்கண்டு கத்தரிக்கோல், ஊசி, நூலோடு ஓடினாள். விஷயத்தைக் கேட்ட பொடிசின் அம்மா, "இவ்வளவுதானா! நான் பிடுங்கித் தர்றேன். கொஞ்ச நேரம் அழுவா, அப்புறம் சரியாயிடுவா" என்றார்.

பொடிசு கொட்டாவியை இறுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள்.

"வேணாம் அத்தை. அது அவளோடது. நான் கேட்டுப் பாக்குறேன்" என்று நூல்கண்டும் உள்ளே ஊர்ந்து போனாள். உள்ளே ஒரே தூசி. இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"பொடிசு, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒரு அக்காவோட கோட்டுக் கையைத் தெரியாம இதோட வயித்துல வச்சிட்டேன். அது இல்லாட்டி அந்த அக்கா வேலைக்குப் போக முடியாது."

பொடிசு கொட்டாவியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"அதான் கல்லு மாதிரி இருக்கா?"

"ஆமா. ஆபரேஷன் பண்ணணும். நான் டாக்டர், நீ நர்ஸ். நீ சரின்னு சொன்னாத்தான்."

"வலிக்குமா?"

"நீ தும்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டா பயப்படாது."

பொடிசு கொட்டாவியின் பெரிய வாயில் காதை வைத்துக் கேட்டாள்.

"சரி. ஆனா சீக்கிரமா தைக்கணும்" என்று கடைசியில் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கத்தரிக்கோல் நறுக் நறுக்கென்று தையலைப் பிரித்தது. பூப்போட்ட துணி வந்தது, கோடு போட்ட துணி வந்தது. அப்புறம் நீலம்! அம்மா சாக்பீஸால் போட்ட கோடு அழியாமல் அப்படியே இருந்தது.

ஆனால் கொட்டாவி தட்டையாகப் படுத்துவிட்டது. பொடிசின் உதடு பிதுங்கியது.

மணி மூன்று. கோட்டுக் கையை எடுத்துக்கொண்டு ஓடிவிடத்தான் நூல்கண்டின் கால் துடித்தது. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே!

"அத்தை, இதை அம்மாகிட்ட குடுத்துடுங்க. நான் தைச்சுட்டு வர்றேன்."

அத்தை ஓட்டமாக ஓடினார். பொடிசு தன் பழைய சாக்ஸ் மூன்றைக் கொண்டுவந்து திணித்தாள். நூல்கண்டு குட்டிக் குட்டித் தையலாகப் போட்டு வயிற்றை மூடினாள். இப்போது கொட்டாவி முன்பைவிட மெத்தென்று இருந்தது.

நாலு மணிக்கு ரயில் அக்கா வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இஸ்திரிச் சூடுகூட ஆறவில்லை.

அப்போது நூல்கண்டோடு வந்திருந்த பொடிசு கொட்டாவியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க கோட்டுக் கையை இது தின்னுடுச்சு."

அம்மா அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"அது மேல தப்பில்லைக்கா. நான்தான் ஊட்டிவிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள் நூல்கண்டு.

ரயில் அக்கா கொட்டாவியின் பெரிய வாயையும், புதுத் தையலையும், தூசி அப்பிய இரண்டு முகங்களையும் பார்த்தார். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

"நல்லவேளை, செரிக்கறதுக்குள்ள எடுத்துட்டீங்க!" என்றவர், இரண்டு கைகளையும் நன்றாக வீசிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.