வாயடைத்த உலோகம்

மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டு கிடந்த வெண்கலக் கிண்ணம் முதலில் இருமியது. பிறகு ஒரு பெண் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டினாள். மொழி பாதிதான் விளங்கியது. கோபம் முழுசாக விளங்கியது.

"யோவ் ஞானதுரை, மச்சக்காரன்யா நீரு!" என்றார் கூட வந்த சம்சுதீன்.

இருவரும் வைப்பாற்று மணலில் ஞாயிறுதோறும் உலோகம் தேடித் திரிபவர்கள். மண் மூடுமுன் அருகே எழுந்த கடைசி ஓசையை உலோகம் தனக்குள் வைத்திருக்கும் என்று கண்டுபிடித்தபின், ஊரில் பாதிப்பேர் கைக்கு அதைக் கேட்கும் கருவியான உலோகச்செவி வந்துவிட்டது. தொந்தரவு ஒன்றுதான். மேலே கிடக்கும் புது உலோகங்களின் இரைச்சல் அடியிலுள்ள பழசைக் கேட்கவிடாது. அதனால் கருவி 'புதுசு' என்று காட்டினால் தோண்டாமலே, காது கொடுக்காமலே அதன் வாயை அடைத்துவிடுவார்கள். பொத்தானை அழுத்தி "குப்பை" என்று சொன்னால் போதும். உள்ளிருந்த ஓசை அழிந்து அந்தச் சொல் பதிந்துவிடும். ஞானதுரை நடையை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போவார்.

கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி ஜெயமணி ஏறிட்டுப் பார்த்தாள்.

"செத்தவங்க பேச்சக் கேட்டது போதும். நம்ம ஷீபாவத் தேடுங்களேன்."

"ஓடிப்போனவள எங்கன போய்த் தேட?"

வேலைக்குப் போன மகள் திரும்பாத அன்றே அவர் அப்படி முடிவு கட்டிவிட்டார். போலீசிலும் அதையே சொன்னார். பாவி மனுஷன், அவமானத்தைத்தான் பெரிதாக நினைத்தார்.

ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றங்கரை சரிந்தது. எலும்புகள் வெளியே வந்தன. கூடவே ஒரு வெள்ளிக் காப்பு. ஷீபாவின் பிறந்தநாளுக்கு ஞானதுரையே வாங்கிப் போட்டது. அடையாளம் சொல்ல மனைவியோடு வந்தவர் அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தனப் பிடிச்சு வச்சிருக்கோம்," என்றார் பெண் இன்ஸ்பெக்டர். "வேற சாட்சி கிடையாது. இதுல அவன் குரல் இருந்தா தப்பிக்க முடியாது."

"எம்புள்ள கடைசியா என்ன சொன்னாளோ, நானும் கேக்கணும்," என்றாள் ஜெயமணி.

ஞானதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் உலோகச்செவியைக் காப்பின்மேல் வைத்துவிட்டார்.

அழுகை இல்லை. அலறல் இல்லை. அவசரமாக, சலிப்போடு ஓர் ஆண் குரல்:

"குப்பை."

இன்ஸ்பெக்டர் மறுபடி வைத்துப் பார்த்தார். அதே சொல்தான்.

"யாரு குரல்மா இது?"

ஜெயமணி கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அவ அப்பாவோடது," என்றாள்.