மேஜரின் விரிப்பு

நன்றி என்ற ஒன்றுக்கு இவ்வுலகில் உருவம் உண்டென்றால் அது நாலு கால்களில்தான் நிற்கும் என்று, குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆண்டுக் கூட்டத்தில் முழங்கினார். பக்கத்தில் தள்ளுவண்டியில் படுத்திருந்த அவருடைய நாய் மேஜருக்கு, அந்த நாலில் பின்னங்கால் இரண்டும் விழுந்து வெகு நாளாகியிருந்தது. சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. கண்களில் பால் படர்ந்திருந்தது. காது கேட்காது என்று எல்லோரும் நம்பினார்கள்.

தலைவர் அதன் தலைமேல் கைவைத்து, "என் ஆயுசுல மிச்சம் இருக்கறத இவன் எடுத்துக்கட்டும்" என்றபோது முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைக் ஒருமுறை கீச்சிட்டு ஓய்ந்தது. மேஜரின் ஒரு காது மட்டும் நிமிர்ந்தது.

கூட்டம் கலைந்த பின், லிஃப்ட் வாசலில், அதே தள்ளுவண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவர் கால்நடை டாக்டரம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது வேறு. வெள்ளிக்கிழமை வந்து அந்தக் கடைசி ஊசியைப் போட்டுவிட வேண்டும். வீட்டில் சொல்ல வேண்டாம், அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். வரவேற்பறை நாறுகிறது, வருகிறவர்கள் உட்காரவே யோசிக்கிறார்கள். டாக்டரம்மா குனிந்து வண்டியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மேஜர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

நாயைப் பார்த்துக்கொள்வது என்று தலைவர் சொல்லிக்கொள்ளும் தொண்டில் பெரும்பகுதியை மனைவிதான் செய்தாள். திரைச்சீலைக் கொக்கியில் சலைன் பாட்டிலை மாட்டி, கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவதும், வேகவைத்த கோழித் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்து ஊட்டுவதும், வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நடத்துவதும் அவள் வேலை. தலைவர் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். படம் எடுத்ததும் விட்டுவிடுவார்.

புதன்கிழமை மாலை. மனைவி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். தலைவர் தன் அறையில் உட்கார்ந்து அடுத்த உரைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, குழாய் சொட்டும் ஓசைக்கும் கீழ்வீட்டு மிக்ஸியின் உறுமலுக்கும் நடுவே, நடைவழித் தரையில் நகம் படுகிற சத்தம், டிக் டிக் என்று, அவசரமில்லாமல், நாலு காலும் சரியாக ஊன்றி நடக்கிற ஒரு மிருகத்தின் சத்தம், அவருடைய கதவு வரை வந்து நின்றது.

எழுந்து கதவைத் திறந்தார். யாருமில்லை. வரவேற்பறையில் மேஜர் ரப்பர் விரிப்பின்மேல் எப்போதும்போல் கிடந்தது. ஆனால் காலையிலிருந்து சுவரைப் பார்த்திருந்த முகம் இப்போது அவர் அறையைப் பார்த்திருந்தது.

மனைவி துணியோடு வந்ததும், நீதான் திருப்பிப் போட்டாயா என்று கேட்டார். நான் இப்போதுதானே வருகிறேன் என்றாள். அதற்குள் அவளுக்கு வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது. குனிந்து விரிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"காய்ஞ்சு கிடக்குதுங்க. காலையிலேருந்து நனைக்கவே இல்ல. நீங்க மேடையில சொன்னது பலிச்சிடுச்சு போல."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தாகம் அன்று தொடங்கியது. குடம் குடமாகக் குடித்தும் தொண்டை நனையவில்லை. மறுநாள் பல் தேய்க்கும்போது தன் வாயிலிருந்தே அந்த வாடை, பழைய மூத்திரமும் துருப்பிடித்த இரும்பும் கலந்த, மேஜர் கொட்டாவி விட்டால் அறையை நிரப்பும் அதே வாடை, கண்ணாடியில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. மூன்று முறை பல் தேய்த்தார். கண்ணாடியில் ஏதோ புகை. துடைத்தார். புகை கண்ணாடியில் இல்லை.

மாலைக்குள் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. சுவரைப் பிடித்து நகர்ந்தார். மேஜர் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது. பால் இல்லாத கண்களால். ரோமம் பளபளத்தது. மனைவி தட்டை வைத்ததும் எழுந்து நின்று தின்றது. வாலை அவளைப் பார்த்து ஆட்டியது. இத்தனை வருடம் தன் பெயரைச் சொல்லி வளர்த்த நாய், தன் பக்கம் ஒருமுறைகூட ஆட்டவில்லை. நன்றிகெட்ட நாயே என்று நினைத்தார். நாலு கால்களில்தான் நின்றது.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க அவருக்குத் தைரியமில்லை. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு டாக்டரம்மாவை அழைத்தார்.

"இன்னைக்கே வாங்க. இப்பவே."

குரல் கரகரத்தது. மறுமுனையில் புரிந்ததா தெரியவில்லை. வருகிறேன் என்றார்கள்.

வெளியே வந்தார். நடைவழியில் கால் மடங்கியது. விழுந்தார். கத்தினார். வந்தது வார்த்தை இல்லை.

மனைவி ஓடி வந்தாள். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்தாள். பழகிய கை. தூக்கினாள். இழுத்துப் போனாள். ரப்பர் விரிப்பில் கிடத்தினாள். பக்கவாட்டில். காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லடா ராசா. ஒண்ணுமில்ல."

நான்தான் என்று சொல்லப் பார்த்தார். தொண்டைக்குள் ஒரு முனகல்.

அழைப்பு மணி.

டாக்டரம்மாவின் செருப்பு. டெட்டால் வாசனை. பை திறக்கும் ஓசை. மங்கலாக ஒரு வெள்ளைக் கோட்டு, மண்டியிட்டு, மேஜரிடம் அல்ல, அவரிடம் குனிந்தது. மனைவி அழுதுகொண்டே கேட்டாள், யார் வரச் சொன்னது என்று.

"சார்தான்மா. அன்னைக்கு லிஃப்ட் கிட்ட வச்சுச் சொன்னாரு. இவனும் பாவம், எவ்வளவு நாள் இழுத்துக்கிட்டுக் கிடப்பான்?"

மனைவி மெல்லத் திரும்பி வாசற்படியைப் பார்த்தாள். அங்கே அது உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்து. காதுகள் விறைத்து.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க" என்றாள் அதனிடம். "சரி, நீங்க உள்ள போங்க. உங்களால பார்க்க முடியாது."

தலைவர் கழுத்தைத் தூக்கினார். அது ஒரு கணம் அவரைப் பார்த்தது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. எழுந்தது. டிக். டிக். அவருடைய அறைக்குள் போய்விட்டது. நாற்காலி கிரீச்சிட்டது.

முன்கையில் ரோமம் மழிக்கும் சத்தம். பஞ்சின் குளிர்ச்சி.

விரிப்பு நனைந்திருந்தது.