எண்ணெய் இறங்கிய ஊக்கி

ஊக்கியைத் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் நிறைமதிக்கு முன்னால் ஷாகிரா நின்றிருந்தாள். வரிசையிலும் வெப்பவியல் புத்தகத்தை மூட மனமில்லாமல் படித்துக்கொண்டே நகர்ந்தாள்.

"இந்த ஒரு கணக்கை மட்டும் முடிச்சுட்டுப் போயிடறேன்டி. வெப்பம் எங்க போய் ஒளிஞ்சுக்குது பாரு, எவ்வளவு அழகு!" என்றாள். அவள் கண்கள் நனைந்திருந்தன.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஊக்கியைக் கழற்றினார்கள். வெளியே வந்த ஷாகிரா புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தாள். யாரோ தெரியாதவர்களின் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பது போலிருந்தது அந்த முகம். வாசலில் இருந்த பழைய காகிதக் கூடையில் அதைப் போட்டுவிட்டு வந்து, "பசிக்குதுடி. கேன்டீன் திறந்திருக்குமா?" என்று கேட்டாள்.

அடுத்தது நிறைமதிதான்.

மேழிப் பல்கலைக்கழகத்தில் ஆர்வமும் கட்டணத்தில் அடக்கம். ஊக்கி வருவதற்கு முந்தைய காலத்தைப் பெரியவர்கள் சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பட்டம் வேண்டும், பெற்றோருக்குப் பிள்ளைக்கொரு வேலை வேண்டும், கல்லூரிக்குச் சேர்க்கை வேண்டும். பாடம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பரீட்சைக்கு முன்தினம் முக்கியக் கேள்விகளை வாங்கி விழுங்கி, மறுநாள் தாளில் கக்கிவிட்டு வந்தார்கள். யார் மேலும் குற்றமில்லை. கொடுத்ததற்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கத்தானே எல்லோரையும் வளர்த்தோம்! அந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்தது ஊக்கி. மாணவரின் மனம் பாடத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அது மூளைக்குள் ஒரு சின்ன இனிப்பை விடும். திரும்பாவிட்டால் விடாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

வகுப்புகள் மாறிவிட்டன. மலர்ந்த முகங்களைப் பார்த்து, முதல் வருடம் பேராசிரியர்கள் கண்கலங்கினார்கள். பிறகு ஒருவர் ஊக்கிக்கு 'இது பாடம்' என்று சொல்லும் பாடக்குறியீட்டைத் தவறுதலாக ஒலிக்கவிட்டு விடுதிச் சமையல் டெண்டரைப் படித்தார். வகுப்பு கண்ணிமைக்காமல் கேட்டது. அதற்குப் பிறகு பேராசிரியர்கள் கண்கலங்குவதை நிறுத்திக்கொண்டார்கள்.

படிப்பு முடிந்ததும், நூலகப் புத்தகத்தையும் விடுதிச் சாவியையும் போல ஊக்கியையும் ஒப்படைத்தால்தான் 'நோ டியூஸ்' சான்று தருவார்கள். கழுவித் துடைத்து அடுத்த வருடப் பிள்ளைக்கு ஒட்டுவார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் நிறுவனம் தன் ஊக்கியைத் தரும். இடைப்பட்ட நாட்களில் பிள்ளைகள் சும்மா படுத்துக் கிடப்பார்கள். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

நிறைமதி மட்டும் பெரிதாக நினைத்தாள். கட்டுமானத்துறை ஆய்வகத்தின் மூலையில் அவளுடைய கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் களிமண்ணால் ஒரு சின்ன ஏரிக்கரை. ஒரு பக்கம் நீலச் சாயம் கலந்த தண்ணீரை நிறுத்தினால், அது மண்ணுக்குள் வழி தேடிப் போவது கண்ணாடி வழியாகத் தெரியும். வளாகத்துக்குப் பின்னால் இருந்த வேலாங்குளத்தின் கரை, மழை பொய்த்த வருடத்துக்கு அடுத்த வருடம்தான் அதிகமாகக் கசிந்தது. அந்த அடுத்த வருடமும் குளம் பாதிதான் நிரம்பியிருந்தது; பிறகு ஏன் கசிவு கூடியது? காய்ந்தபோது விட்ட வெடிப்புகள், மழை வந்ததும் மேலே மூடிக்கொண்டு உள்ளே திறந்தே கிடக்கின்றன என்று அவள் நம்பினாள். விளக்கு வைத்துக் கரையை நாள்கணக்கில் காயவைத்து, இன்று காலைதான் மறுபடி தண்ணீர் விட்டிருந்தாள். முடிவு தெரியப்போகும் நேரத்தில் ஊக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு அந்தத் தொட்டி அவளுக்கு வெறும் சேறு.

பெற்றோர் கையெழுத்துக்காக வந்திருந்த அப்பா சென்னியப்பனிடம் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் அனுப்புகிறவர் அவர்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு நீட்டிச்சுக் குடுக்கச் சொல்லுங்கப்பா."

"எதுக்கு கண்ணு? கம்பெனிக்காரங்க அவங்களே குடுக்கறாங்களே. பண்ணைய விட்டு வெளிய போற கோழிக்கு யாராச்சும் தீவனம் போடுவாங்களா?"

அவள் முறை வந்தது. ஊக்கிகளை வாங்கிக்கொள்ளும் கம்பிக் கூண்டுக்குள் லோகநாயகி இருந்தார். ஊக்கிப் பராமரிப்பு அலுவலர். இதே பல்கலைக்கழகத்தில் கட்டுமானம் படித்தவர். இந்த மேசை வேலையைப் பிரியமாகச் செய்வதற்கு அவர் காதுக்குப் பின்னாலும் ஒன்று ஒட்டியிருந்தது. நிறைமதியின் ஊக்கியைக் கழற்றிச் சோதனைத் தட்டில் வைத்தவர், திரையைப் பார்த்துவிட்டு அதைத் தட்டினார். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார்.

"ஏம்மா, மொத வருசத் தீபாவளிக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சியா?"

"ஆமாங் மேடம். எல்லாரும்தானே குளிப்போம்?"

"ரப்பர் மூடி போட்டுக்கச் சொல்லித்தானே வீட்டுக்கு அனுப்பினோம்?"

நிறைமதி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். விடியற்காலையில் மணையில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெய் வைத்து, 'இது என்ன கண்றாவி' என்று மூடியைப் பிடுங்கி எறிந்தவர் அவர்தான்.

சென்னியப்பன் நெளிந்தார். "காதுக்குப் பின்னாடி எண்ணெ வெக்கலீன்னா சூடு எறங்காதுங்களே."

"சூடு நல்லாவே எறங்கியிருக்குதுங்க. அன்னிக்கே இது செத்துப்போச்சு." லோகநாயகி திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இதுல ரெண்டு பகுதி. ஒண்ணு ஆர்வத்த ஊட்டறது, இன்னொண்ணு அளக்கறது. அளக்கறது நல்லா இருக்குது. ஊட்டறது அன்னைக்கு நின்னதுதான். அளவு கொறஞ்சாத்தான் எங்களுக்கு மணியடிக்கும். உனக்குக் கொறையவே இல்ல. இத்தன பேர்ல உன்னுதுதான் அதிகம்."

"அப்பறம் எனக்கு எங்கிருந்து வந்துச்சுங் மேடம்?"

"அது எனக்குத் தெரியலம்மா. உன்னோடதுதான்."

நிறைமதிக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு நினைவு வந்தது. சேர்ந்த புதிதில் பாடம் மிதமாகத்தான் இனித்தது. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரே மந்தம். ஊக்கி தானே சரியாகிக்கொள்ளும் என்று இருந்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் மண் ஆய்வகத்தில் திடீரென்று பிடித்துக்கொண்டது. கல்லூரியில் அளவைக் கூட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்தாள். கூட்டியது யாருமில்லை. அவள் முகம் சிவந்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "தீவனமே போடாம எட ஏறியிருக்குதுங்களா? அப்படி ஏறுனா அது சீக்குக் கோழிங்க. எங்க தொழில்ல தனியாப் பிரிச்சு வெச்சுருவோம்."

"அப்பா!"

"இல்ல கண்ணு, நாளைக்குத் திடீர்னு நின்னுபோச்சுன்னா? எவன் பதில் சொல்றது?"

லோகநாயகி இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். தவறு பல்கலைக்கழகத்தின் பரிசோதனையிலும் இருப்பதால் புது ஊக்கி ஒன்றை இலவசமாக ஒட்டிவிடுவார்கள். பட்டமளிப்பு வரை போட்டிருந்தால் சான்றிதழ் எல்லோருக்கும் போல வந்துவிடும். இல்லையென்றால், 'சுய ஆர்வம், உத்தரவாதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். பட்டம் வரும், ஆனால் அந்த வரியும் பட்டத்தின் மேலேயே அச்சாகி வரும். எந்த நிறுவனம் அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சுவிட்சு இல்லாத ஆர்வத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

"புதுசு போட்டுக்கிட்டா என்னோடது என்ன ஆகும் மேடம்?"

லோகநாயகி கொஞ்சம் தயங்கினார். "உள்ள தானாச் சொரக்கறத அடச்சுட்டுத்தான் இது வேல செய்யும். பாடத்துக்கு வெளிய மனசு ஓடக் கூடாதில்ல? உனக்குச் சில மாசத்துலயே கெட்டுப்போனதால திரும்ப ஊறியிருக்குது. ரெண்டாவது தடவ ஊறி நான் பார்த்ததில்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு கண்ணு" என்றார். அவருடைய வேலையில் அந்த வார்த்தை சேர்த்தி இல்லை. அதைச் சொன்னதற்கு அவருக்கு எந்த இனிப்பும் கிடைத்திருக்காது.

"நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள் நிறைமதி.

"உன்ற இஷ்டம். சாயங்காலம் கூண்டு மூடற வரைக்கும் நேரமிருக்குது. நல்லா ரோசன பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் வண்டிக்குப் போய்விட்டார்.

அவள் ஆய்வகத்துக்கு ஓடினாள். கண்ணாடித் தொட்டியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நீல நிறம் கரையின் அடிவயிற்றில் மெல்லிய கிளையாகப் பிரிந்துகொண்டிருந்தது. அது அவளுடையது, யாரும் ஊட்டாதது. இத்தனை காலம் காதுப் பொத்தானுக்குச் சொன்ன நன்றியையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

நீலம் நின்றது. ஒரு கட்டியான களிமண்ணில் முட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. அவள் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. கால் மரத்துப்போனது. கொட்டாவி வந்தது.

அந்தக் கொட்டாவியில்தான் எல்லாம் கெட்டது. இதற்கு முன்பும் இப்படிச் சலிப்பு வந்திருக்கிறது. பல மதியங்களில் இதே தொட்டியின் முன்னால், இது என்ன பிழைப்பு என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்போதெல்லாம் 'ஊக்கி பார்த்துக்கொள்ளும்' என்று தொடர்ந்து உட்கார்ந்திருந்தாள். சலிப்பு தானே வந்த வழியில் போய்விட்டது. செத்துப்போன பொத்தானை நம்பித்தான் அவள் உயிருள்ள ஒன்றை வளர்த்திருந்தாள். இப்போது பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று தெரிந்துவிட்டது.

நிறைமதி தன்னையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். ஆர்வம் இருக்கிறதா? காலையில் இருந்த அளவு இருக்கிறதா? தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன்னைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது குறைந்துகொண்டே வந்தது. அப்பா சொன்னது சரியோ? இது சீக்குதானோ? நாளைக்கு நின்றுவிட்டால் வேலையும் இருக்காது, இதுவும் இருக்காது. யாரிடம் போய்க் கேட்பாள்? உத்தரவாதம் இல்லாத ஒரு பொருளை அவள் பிறந்ததிலிருந்து கையில் வாங்கியதே இல்லை.

கூண்டு மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எழுந்து ஓடினாள்.

அவள் போன பிறகு ஆய்வகத்தில், கட்டியான மண்ணைச் சுற்றிக்கொண்டு நீலம் மறுபடி நகர்ந்தது. மேலே தடமே தெரியாமல் மூடியிருந்த பழைய வெடிப்பு ஒன்றுக்குள் நுழைந்து, அவள் நம்பிய வழியிலேயே போய், கரையின் மறுபக்கத்தில் ஒரு சொட்டாக எட்டிப் பார்த்தது. பார்க்க அங்கே ஆள் இல்லை.

"புதுசே போட்டுருங்க மேடம்" என்றாள் நிறைமதி, மூச்சிரைக்க.

லோகநாயகி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேலை அவரை இழுத்துக்கொண்டது. கைகள் உற்சாகமாக இயங்கின. பஞ்சால் துடைத்து, புது ஊக்கியை எடுத்து, காதுக்குப் பின்னால் அழுத்தினார். ஒரு சின்னச் சூடு பரவி அடங்கியது.

"சோதிச்சுப் பார்க்கோணும். இதப் படி" என்று மண்ணியல் பாடப் பக்கம் ஒன்றை நீட்டினார்.

நிறைமதி படித்தாள். மண்ணுக்குள் நீர் ஊடுருவுவதைப் பற்றிய பக்கம்தான். இரண்டாவது வரியில் அது வந்தது. அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சேர்ந்த புதிதில் இருந்த அதே மிதமான இனிப்பு. பிறந்தநாள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டது போல. அவள் அடுத்த வரிக்குப் போனாள். மிட்டாய் இன்னும் கொஞ்சம் கரைந்தது. அவ்வளவுதான்.

"கூட்டி வையுங்க மேடம்."

லோகநாயகி திரையைப் பார்த்தார். "முழு அளவுலதான் இருக்குது கண்ணு."

"இல்லீங் மேடம். இது ரொம்பக் கம்மியா இருக்குதுங்க. இன்னும் கூட்டுங்க."

"இதுக்கு மேல இல்லம்மா. எனக்கும் இவ்வளவுதான். எல்லாருக்கும் இவ்வளவுதான்."

நிறைமதியின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஷாகிராவுக்கும், வகுப்பில் மலர்ந்த அத்தனை முகங்களுக்கும் இவ்வளவுதானா கிடைத்துக்கொண்டிருந்தது?

லோகநாயகி மேசையின் மேல் சாய்ந்தார். பல வருடங்களுக்குப் பிறகு, தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியை அவர் கேட்டார். "அப்ப உனக்கு, அதுக்கு முன்னாடி, எப்படி இருந்துச்சு கண்ணு?"

நிறைமதி சொல்ல வாயைத் திறந்தாள். காலையில், இன்று காலையில்தான், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீலக் கோடு நகர்ந்தது. அதைப் பார்த்து அவள் ஏதோ நினைத்தாள். என்ன நினைத்தாள்? கையிலிருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். இனிப்பு வந்தது.

அடுத்த ஆளைக் கூப்பிடும் மணி அடித்தது. லோகநாயகியின் முகம் மலர்ந்தது.