பின்வாசலில் ஏறியவள்

ஷிஹோ ரயிலின் பின்வாசல் பொத்தானை அழுத்தினாள். கதவு அசையவில்லை. மறுபடி அழுத்தினாள்... ம்ஹூம்! வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது அவள் ஊரின் குட்டி ரயில் நிலையம். இப்போது இறங்காவிட்டால் அடுத்த ஊர்தான்.

"ஏறத்தான் பின்வாசல்... இறங்க முன்வாசல்! டோக்கியோ போனா ஊர் வழக்கம்கூட மறந்துடுமா?"

ஒற்றைப் பெட்டி ரயில். டிரைவரிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, முன்வாசலில் அவளுக்காக நின்றவன் சிரித்தான். அந்தக் கண்கள்... ரியோஹெய்! நெஞ்சு படபடத்தது. கூடவே பத்து வருடக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

இறங்கி, காத்திருப்பு அறைக்கு ஓடினார்கள். ஆளில்லாத நிலையம்தான், ஆனாலும் பெஞ்சில் ஊர்ப் பெண்கள் தைத்துப் போட்ட மெத்தைகள் அப்படியே இருந்தன. பள்ளிக்கூட நாட்களில் இதே பெஞ்சில்தான் அவனுடைய கணக்குப் பாடத்தைப் பார்த்து எழுதுவாள். இயர்போனைக் காதுக்கு ஒன்றாகப் பங்குபோட்டுப் பாட்டு கேட்பார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் இரண்டு பேருமே சொல்லவில்லை. என்ன பிள்ளைகளோ!

"என்ன திடீர்னு இந்தப் பக்கம்?"

"அத்தை ஒரு வரன் பார்த்திருக்காங்க. இன்னிக்கு அம்மாகிட்ட பதில் சொல்லணும்."

அவன் முகம் வாடியது. "நல்ல ஆளா?"

"டோக்கியோ கிளம்பின அன்னிக்கு வழியனுப்ப வர்றேன்னு சொல்லிட்டு வராம ஏமாத்துற ஆள் இல்லை."

"நான் வந்தேன், ஷிஹோ."

"பொய்! ரயில் வர்ற வரைக்கும் இங்கேயேதான் நின்னேன்."

"அந்த ரயில்லயேதான் வந்தேன். உனக்குப் பிடிக்குமேன்னு முந்தின ஸ்டேஷனுக்குப் போய், மீன் மாதிரி சுட்ட இனிப்புப் பணியாரம், சுடச்சுட ரெண்டு தையாகி வாங்கிட்டு வந்தேன். நான் முன்வாசல்ல இறங்கினேன்... நீ பின்வாசல்ல ஏறிட்டே. கதவு மூடிடுச்சு."

"அப்புறம்... ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"ஜன்னலைத் தட்டினேன். நீ திரும்பவே இல்லை. என் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலைன்னு நினைச்சேன்."

"அழுதுட்டு இருந்தேன்டா, மடையா!"

பத்து வருடம்... ஒரே பெட்டியின் இரண்டு வாசலுக்கு நடுவில் தொலைந்துபோன பத்து வருடம்! அவள் கண் நிறைந்தது.

"அந்தத் தையாகி என்னாச்சு?"

"இந்த பெஞ்சுல உட்கார்ந்து ரெண்டையும் நானே தின்னேன். அழுதுகிட்டே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில், யார் வேண்டுமானாலும் எடுத்துப்போய்த் திருப்பி வைக்கலாம் என்று மாட்டியிருந்த குடைகளில் ஒன்றுதான் மிச்சம். அவன் அதை எடுத்தான், விரிக்காமல் நின்றான்.

"வரனுக்கு என்ன பதில் சொல்லப் போறே?"

"நீ இன்னும் எதையும் கேட்கலையே..."

"உன்னை எனக்குப் பிடிக்கும், ஷிஹோ. அன்னிக்கும்... இன்னிக்கும்." அவன் குடையை நீட்டினான். "இனிமே எங்க போனாலும் ஒரே வாசல்ல இறங்கலாமா?"

ஷிஹோ குடையை வாங்கி விரித்தாள். அவன் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏறுறதும் ஒரே வாசல்லதான். வா... அம்மாகிட்ட நீயே வந்து சொல்லு."