பாறை வளைவில் இறங்க வேண்டியவள்

எவரிஸ்தோவின் வீட்டுக் கொல்லைக்குள் நிவால்தோ நுழைந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரத்துருவும் அழுகிய மாம்பழமும் கலந்த ஒரு வாடை. மாமரத்தடியில் அந்தப் பழைய ரஷ்யக் கார், லாடா, நின்றிருந்தது. நின்றிருந்தது என்று மரியாதைக்குச் சொல்லலாம். கூரை அமுங்கி, கண்ணாடி இல்லாமல், பின்கதவு ஒன்று பிய்ந்து தொங்க, மண்ணில் பாதி புதைந்து கிடந்தது.

"இதையா பெரிசா சொன்னே?" என்றான் நிவால்தோ, காலால் ஒரு சக்கரத்தை உதைத்து. "கோழி அடைக்கக்கூட ஆகாது."

"பிரேக்குக்குத்தானே வந்தே தம்பி. பிரேக்கைப் பாரு," என்றார் எவரிஸ்தோ. மலையிலிருந்து அந்த லாடாவோடு உருண்டபின் அவர் இடது காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பார்.

சாந்தியாகோவில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்களில் நிவால்தோவைப் போல வாய்க்கொழுப்புப் பிடித்தவன் இன்னொருவன் இல்லை. பயணிகள் அவனுக்கு மூட்டைகள். மெக்கானிக்குகள் திருடர்கள். மற்ற ஓட்டுநர்கள் மாடு மேய்க்க வேண்டியவர்கள். உலகத்தில் உருப்படியானது ஒன்றே ஒன்று, ஐம்பத்திரண்டாம் வருடத்து நீலநிற அமெரிக்கக் கார், ப்ளைமௌத், அதுவும் அவனுடையது என்பதால். அதன் பின்கதவின் உட்புறத்தில் அவனே எழுதி வைத்திருந்தான்: 'இது ஃப்ரிட்ஜ் கதவு இல்லை, மெதுவாகச் சாத்து.' எழுதியும் போதாமல், ஒவ்வொருவரும் இறங்கும்போது கத்துவான். மரியாதையாக ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்ததை அவன் பெண்டாட்டிகூடக் கேட்டதில்லை. அவள் அதைக் கேட்கக் காத்திராமல் எப்போதோ ஹவானாவுக்குப் போய்விட்டாள்.

மிச்சமிருந்தது மகள் யானெலிஸ். மலைக்கு அந்தப்பக்கம் தோஸ் காமினோஸில் கட்டிக்கொடுத்திருந்தது. வயிற்றில் பிள்ளை. உடம்பில் உப்பு கூடிப் போயிருக்கிறது, சாந்தியாகோவில் பிள்ளைத்தாய்ச்சிகள் தங்கும் விடுதியில் வந்து இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வருவதற்கு இருந்த ஒரே வண்டி அப்பனுடையது.

"அப்பா, உங்க வண்டி நிக்கணும்னா முன்னாடி ஒரு சுவர் வேணும்," என்று மகள் மூஞ்சிக்கு நேரே சொன்னாள். "என் புள்ளையோட அதுல ஏறமாட்டேன். பிரேக்கை மாத்துங்க, வரேன்."

பழைய டிரம் பிரேக் அப்படித்தான் இருந்தது. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினால் மனசு வந்தால் பிடிக்கும். புதுசாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நிவால்தோவுக்கு வக்கில்லை. லாடாவின் டிஸ்க் பிரேக்கைக் கழற்றி அமெரிக்க வண்டியின் முன்சக்கரங்களில் மாட்டுவதுதான் இந்த ஊரில் ஏழைக்கு வழி. அதிலும் மலிவாக இருந்தது, யாரும் தொடாத இந்த லாடா ஒன்றுதான்.

நிவால்தோ குனிந்து பார்த்தான். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் பிரேக் கட்டைகள் தேயவே இல்லை.

"புதுசு மாதிரி இருக்கே?"

எவரிஸ்தோ வேறுபக்கம் பார்த்தார். "தேயக்கூடாதுன்னு பாத்துப் பாத்து ஓட்டினேன். இறக்கத்துல பிரேக்கே தொடமாட்டேன். அன்னைக்கும் அப்படித்தான். எர்மெலிந்தான்னு ஒருத்தி, கொய்யாப்பழம் விக்கிறவ. பாறை வளைவுல குடிசை. 'நான் இங்கயே இருந்துக்கிறேன்'னு சொன்னா. கட்டை தேயுமேன்னு நிறுத்தல. கீழ போயி விடுறேன், மேல நடந்து போயிக்கோன்னேன். அவ விடல. சொல்லிட்டே இருந்தா. நான் திரும்பி ஏதோ திட்டினேன். அவ்வளவுதான் தெரியும்."

இந்த ஊரில் வாடகை வண்டியில் வருகிறவர்கள் 'இறங்கணும்' என்று சொல்வதில்லை. 'நான் இங்கயே இருந்துக்கிறேன்' என்பார்கள். நம் ஆட்கள் கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்வது போலத்தான் அது. அதைக் கேட்டதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும்.

"எடுத்துட்டுப் போ," என்றார் எவரிஸ்தோ, குரலைத் தாழ்த்தி. "ஆனா அந்த வளைவுல நிறுத்தி, கதவைத் திறந்து விட்டுடு தம்பி. அவ இன்னும் இறங்கல."

நிவால்தோ வாய்விட்டுச் சிரித்தான். "யோவ், உயிரோட இருக்கிற பிச்சைக்காரங்களுக்கே நான் நிறுத்துறதில்ல. செத்தவளுக்கு நிறுத்துவேனா? வண்டி ஓட்டத் தெரியாம உருட்டிட்டு, பேய்க்கதை சொல்றான் பாரு."

ஸ்பேனர் பிடித்துக் கழற்றும்போது துருவையும் மீறி ஒரு வாசனை வந்தது. பழுத்த கொய்யா. சுற்றிலும் பார்த்தான். கொல்லையில் மாமரம் மட்டும்தான் இருந்தது.

மெக்கானிக் உலிசெஸ் பழைய சர்க்கரை ஆலை இரும்பை அறுத்து, லாடாவின் காலிப்பர் உட்காரத் தகடு செய்து மாட்டினான். பிரேக் மிதிக்கு அடியில் மாட்டிய மாஸ்டர் சிலிண்டரும் லாடாவினுடையதே. ரப்பர் ஹோஸ் மாற்றலாமா என்று கேட்டதற்கு, "உன் மாமியார் தருவாளா காசு?" என்று நிவால்தோவிடமிருந்து பதில் கிடைத்தது. பிரேக் ஆயிலுக்குப் பதில் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்த சரக்கு. உலிசெஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஊற்றினான்.

ஆனால் பிரேக் பிடித்தது. அடேயப்பா, என்ன பிடி! பெருவிரலால் தொட்டால் வண்டி முட்டிபோட்டு நின்றது. நிவால்தோ தெருவெல்லாம் ஓட்டிக் காட்டினான். கழற்றிய டிரம்களை அன்றே ஒரு ஏமாளியிடம் தள்ளிவிட்டான்.

"மலிவா முடிச்சுட்டேன் பாத்தியா?" என்றான் உலிசெஸிடம். "மூளை வேணும்டா, மூளை."

போனியாத்தோ மலைப்பாதையில் முதல் சவாரி. மகளுக்கு விடுதியில் கட்டில் கிடைக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. மேலே ஏறும்போது ஒன்றுமில்லை. தோஸ் காமினோஸில் எல்லா மூட்டைகளையும் இறக்கிவிட்டு, நடுப்பகலில் காலி வண்டியோடு இறங்கினான். வெயில் சுள்ளென்று அடித்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, டீசல் மிச்சம் பிடிக்கச் சரிவில் சும்மா உருண்டான். டயர்கள் தாரில் ஓடும் சத்தம் மட்டும். பாறை வளைவு தெரிந்தது. கரும்பாறை ஒன்று சாலை மேல் முதுகு வளைத்து நிற்கும், அதன் நிழலில் எப்போதும் ஈரம்.

நிழலுக்குள் நுழைந்ததும் கொய்யா வாசனை வண்டிக்குள் நிறைந்தது.

"நான் இங்கயே இருந்துக்கிறேன்."

பின்னிருக்கையிலிருந்து. களைத்த, பொறுமையான ஒரு பெண் குரல்.

இத்தனை வருடப் பழக்கத்தில் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. வண்டி நின்றது. திட்டிக்கொண்டே திரும்பினான்.

யாரும் இல்லை.

பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிவால்தோவின் பிடரி சில்லிட்டது. பயம் என்று அவன் ஒத்துக்கொள்வானா? "ஓசிச் சவாரி," என்று பின்னிருக்கையைப் பார்த்துத் துப்பாத குறையாகச் சொன்னான். "நடந்து போடி." வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த வளைவில் பிரேக் மிதி கொஞ்சம் உள்ளே இறங்கியது.

அதற்கப்புறம் அது வாடிக்கை ஆயிற்று. இறங்கும்போதெல்லாம் அதே இடம், அதே வாசனை, அதே சொல். அவன் நிறுத்துவதில்லை. நக்கலாக ஏதாவது சொல்லிவிட்டு அழுத்தி ஓட்டினான். ஒவ்வொரு தடவையும் மிதி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. ஊருக்குள் வந்தால் பழையபடி கல் மாதிரி நிற்கும். உலிசெஸ் கீழே படுத்துப் பார்த்தான். எங்கேயும் ஒழுகவில்லை.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப உன் கண்ணுல கோளாறு," என்றான் நிவால்தோ.

மகளை அழைத்துவரப் போன அன்று மலையில் பொடித்தூறல். பகல்தான், ஆனாலும் மேகம் சாலையில் இறங்கி உட்கார்ந்திருந்தது. யானெலிஸ் முன்னிருக்கையில் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால்கள் வீங்கியிருந்தன.

"பிரேக் பரவாயில்லையாப்பா?"

"பரவாயில்லையாவா? உன் புருஷன் வீட்டுக் கழுதைக்குக்கூட இப்படி நிக்கத் தெரியாது."

யானெலிஸ் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"சவாரி ஏத்தியிருக்கீங்களாப்பா?"

"யாரை?"

"பின்னாடி ஒரு அம்மா உக்காந்து மூச்சு வாங்கறாங்களே."

நிவால்தோ ஸ்டியரிங்மேல் குனிந்துகொண்டான். பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. துடைப்பான் கண்ணாடியில் கீச்சிட்டது. மேகத்துக்குள்ளிருந்து பாறை மெல்லக் கறுத்து வந்தது.

கொய்யா வாசனை.

"நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"அப்பா, நிறுத்துங்க. இறங்கணுமாம்."

"யாரும் இல்லடீ. சும்மா இரு."

"நான் இங்கயே இருந்துக்கிறேன்."

இப்போது அது அவன் காதோரம் வந்திருந்தது. கழுத்தில் ஈர மூச்சு பட்டது. பயத்தில் பிரேக்கை மிதித்தான்.

மிதி தரையைத் தொட்டது.

மறுபடி மிதித்தான்.

காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வண்டி வேகம் பிடித்தது. கைப்பிரேக்கை இழுத்தான், அது வெறுமனே கையோடு வந்தது. வளைவுக்கு அப்பால் மேகம் மட்டும் இருந்தது, கீழே எவ்வளவு ஆழம் என்று எவரிஸ்தோவின் காலைக் கேட்டால் சொல்லும். யானெலிஸ் கத்தவில்லை. வயிற்றின் மேல் குனிந்து, பிள்ளையை மடக்கி மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் நிவால்தோவுக்குள் இருந்த திமிரெல்லாம் ஒரே நொடியில் கரைந்து போயிற்று.

"நிறுத்தறேம்மா!" என்று கதறினான். "நிறுத்தறேன் தாயே, நீங்க இறங்கிக்குங்க!"

மிதி அவன் பாதத்தை எதிர்த்து மேலே எழும்பியது. கல்லாக இறுகியது.

ப்ளைமௌத் முட்டிபோட்டு நின்றது. முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் புல், அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அவன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தான். தூறலில் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். காலியான இருக்கை. அதன் நடுவில் மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

"பாறை வளைவும்மா," என்றான். "உங்க இடம். என்னை மன்னிச்சுக்குங்க. இறங்கிக்குங்கம்மா."



"நான் இங்கயே இருந்துக்கிறேன்," என்றது குரல், இந்தத் தடவை மனம் குளிர்ந்து.

கதவு அவன் கையிலிருந்து மெல்ல விலகி, சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

நிவால்தோ அங்கேயே சாலையோரம் குந்தி உட்கார்ந்து அழுதான். போய்விட்டாள். இருந்துக்கிறேன் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் பிரேக் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. ஊர் எல்லை வருவதற்குள் பழைய நிவால்தோ திரும்பி வந்துவிட்டான். ஒரு சைக்கிள்காரனை அவன் அம்மாவோடு சேர்த்துத் திட்டினான். அப்பேர்ப்பட்ட ஜன்மத்துக்குத் திருந்த இவ்வளவு சின்ன வளைவு போதுமா என்ன?

விடுதி வாசலில் மகளைக் கைத்தாங்கலாக இறக்கினான். "பாத்தியா, பத்திரமா கொண்டாந்து சேத்துட்டேன்."

"சேத்துட்டீங்கப்பா." யானெலிஸ் பின்ஜன்னலைப் பார்த்தாள். "அந்தம்மாவை எங்க விடப்போறீங்க?"

"அவதான் அங்கயே இறங்கிட்டாளே."

"எங்கப்பா இறங்கினாங்க?" மகள் குழம்பிப்போய்க் கேட்டாள். "நீங்க அவ்வளவு மரியாதையாக் கதவைத் திறந்தீங்க. அவங்க சீட்டைத் தடவிப் பாத்துட்டு, இங்கயே இருந்துக்கிறேன்னு சொல்லி, உள்ளேருந்து கதவை இழுத்துச் சாத்திக்கிட்டாங்களே."

நிவால்தோ பின்ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். மெத்தையின் நடு இன்னும் அமுங்கியே இருந்தது.

அன்று மாலையே பிரேக்கைக் கழற்றச் சொல்லி உலிசெஸிடம் ஓடினான். கழற்றலாம், பதிலுக்கு எதை மாட்டுவது என்று உலிசெஸ் கேட்டான். டிரம்கள் போன இடத்திலிருந்து வராது. வேறு பிரேக் வாங்க வழியில்லை. பிள்ளை பிறந்ததும் மகளையும் அதையும் மலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டாக வேண்டும், அதற்கும் இந்த வண்டிதான்.

மறுநாள் காலை சந்தை முனையில் வண்டியைப் போட்டான். கூடையோடு ஒரு தடித்த பெண்மணி வந்து பின்கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்துத் தலையசைத்தாள்.

"கொஞ்சம் நகர்ந்துக்குங்கம்மா," என்றாள், காலி இருக்கையிடம். கூடையை மடியில் வைத்து, கதவைத் திறந்தபடியே விட்டு ஓரமாக உட்கார்ந்தாள். "அடடா, பழ வாசனை ஆளைத் தூக்குது. எங்க வரைக்கும் போறீங்க?"

அவளுக்கு என்ன பதில் கிடைத்ததோ, நிவால்தோ திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வாழ்நாளெல்லாம் கதவுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன், இந்த ஒருமுறை உயிருள்ள யாராவது அதைப் படாரென்று அறைந்து சாத்தமாட்டார்களா என்று ஏங்கினான்.

பின்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.