அண்ணன் கணக்கில் ஏறிய படங்கள்

ஜெபகுமார் கடைசியாகக் குறைபட்டுக்கொண்டது லேப்டாப்பைப் பற்றித்தான். சனிக்கிழமை சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே, திரையின் மூலையில் எழும்பிய சின்னப் பெட்டியைக் காட்டினார். "பாரு பியூலா, வாங்கும்போதே உள்ள ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. ஃபோன்ல எடுக்கிற படத்தையெல்லாம் என்னைக் கேக்காமலே இழுத்து வச்சுக்குது. எபி வந்தா தூக்கச் சொல்லணும்."

ஞாயிறு விடியலில் அவர் எழுந்திருக்கவில்லை.

தெருமுனை டாக்டர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஐஸ் பெட்டிக்குச் சொல்லலாமா என்று யாரோ கேட்டபோது ஜெபகுமாரின் தம்பி எபிதான் மறுத்தான். "வேணாம் அண்ணி. பாஸ்டர் நாளைக்கு ஊர்ல இல்ல. இன்னிக்கே அடக்கம் முடிச்சுடலாம்."

சவப்பெட்டிக்குள் பைபிள் வைப்பது வழக்கம். கண் மங்கிய பிறகு அவர் வேதம் வாசித்ததெல்லாம் ஃபோனில், எழுத்தைப் பெரிதாக்கித்தான். அதனால் பியூலா அந்த ஃபோனையே அவர் கைகளுக்கு நடுவில் வைத்தாள். அணைக்கத் தோன்றவில்லை. கூடுவாஞ்சேரி கல்லறைத் தோட்டத்தில் ஐந்து மணிக்கு மண் தள்ளினார்கள். எபி கொத்தனாரை முன்பே வரச் சொல்லியிருந்தான். இருட்டுவதற்குள் மேலே சிமெண்டும் பூசியாயிற்று.

திங்கட்கிழமை, நினைவு அட்டைக்குப் படம் தேட லேப்டாப்பைத் திறந்தாள். 'புதிய படங்கள் இரண்டு' என்றது மூலைப் பெட்டி. அவள் தொடுமுன் எபியின் கை மவுஸின் மேல் வந்து விழுந்தது.

"பழசு ஏதாவது இப்பதான் ஏறும் அண்ணி. இதைத்தானே அண்ணன் தூக்கச் சொன்னாருன்னு சொன்னீங்க?"

கணக்கிலிருந்து வெளியேறினான், மென்பொருளை நீக்கினான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நல்ல பிள்ளை என்று நினைத்து அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை மத்தியானம், காய்ந்த மாலைகளின் வாசனை இன்னும் போகாத அந்த முன்னறையில், லேப்டாப் தானாக ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டு, கரகரவென்று இரைந்து, அணைந்து, மறுபடி விழித்தது. மூலையில் அந்த மென்பொருளின் மேகச் சின்னம் நின்றது. யாரும் அதை நீக்கவே இல்லை என்பதுபோல.

உள்ளே பதினோரு படங்கள்.

முதல் படம், அடக்கம் நடந்த ஞாயிறு, மாலை 5:52. ஃபிளாஷ் வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே பலகை. இரண்டாவதில் பலகையின்மேல் விரல் நுனிகள். இரண்டுக்கும் கீழே கூடுதலாக ஒரு வரி. பார்த்தவர்: எபி, ஞாயிறு, 6:10.

போன் போட்டாள்.

"உன் ஃபோன்லயும் அண்ணன் கணக்கு இருக்கா எபி?"

"நான்தானே அண்ணி போட்டுக் கொடுத்தேன்."

"பார்த்திருக்க."

தூரத்தில் மின்சார ரயில் போகும் சத்தம் வந்து தேய்ந்தது.

"எல்லாரும் கிளம்பிட்டாங்க அண்ணி. பூசி முடிச்சாச்சு. ஃபோன் தானா எடுத்திருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

பியூலா திரையிலிருந்த படங்களை மறுபடி எண்ணினாள்.

"பதினொண்ணு இருக்கு எபி."

"இல்ல அண்ணி. ரெண்டுதான்."

போனை வைத்தாள். மீதி ஒன்பது, நாளுக்கு ஒன்று. பலகையில் கீறல். இன்னும் ஆழமாக. மரச் சிலாம்பு. ஓட்டை. மண். வேர்கள்.

மேகச் சின்னத்தை அழுத்தினாள். 'நீக்கவா?' என்று பெட்டி கேட்டது. நீக்கினால் அவர் எங்கே வந்திருக்கிறார் என்று தெரியாது. நீக்காவிட்டால் தெரியும்.

விரல் அசையவில்லை.

டிங்.

பன்னிரண்டு. சிமெண்டின் அடிப்பக்கம். நடுவே ஒரு விரிசல். விரிசலில் பகல் வெளிச்சம்.

கீழே, எல்லாப் படத்துக்கும் இருந்த அதே வரி. சேர்த்தவர்: ஜெபகுமார்.